நடு மிதி

பொறையாறில் இறங்கும்போது பத்தரை.
சம்பா அறுப்பு; பாதி ரோட்டில் வைக்கோல்.

"சத்தம் வரக்கூடாது" என்றார் ரூபாவதி டீச்சர்.
அதையே கிசுகிசுப்பாகத்தான் சொன்னார்,
உள்ளறைக் கதவைக் கண்ணால் காட்டி.
ராத்திரி முழுக்க அறுவடை மெஷின் ஓட்டிவிட்டு
விடிந்து வந்து படுத்திருக்கிறார் ஞானசீலன்.

நடு மிதியை அழுத்திப் பூட்டினால்
சுத்திக்கும் கம்பிக்கும் இடையே
ஒரு கம்பளிப் பட்டை இறங்கும்.
சுரம் வெறும் மூச்சாகிவிடும்.
ஆறு வருஷமாக அப்படித்தான் வாசிக்கிறார்.
ஆனால் சுரம் அடங்கியதும் மரம் பேச ஆரம்பித்துவிடும்:
டொக், டொக், டொக்,
யாரோ விடாமல் வெண்டைக்காய் நறுக்குவது போல.
கேட்காத பாட்டில் மிஞ்சிய சத்தத்தை எடுக்க
திருச்சியிலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருக்கிறேன்.

முன்பலகையைக் கழற்றியதும்
தேங்காய் எண்ணெய் வாசனை.
"தம்பி போட்டான். தையல் மெஷினுக்குப் போடுவானே, அது மாதிரி."
எண்ணெய் குடித்த கம்பளி
சம்பந்தி வீட்டார் மாதிரி:
ஒட்டினால் ஒட்டினதுதான், பக்குவமாகத்தான் பிரிக்க வேண்டும்.

எண்பத்தெட்டுக் கட்டைகளையும் பாயில் அடுக்கினேன்.
மார்கழிப் பனியில் உப்பிய கம்பளியைக்
குறடால் மெல்ல நசுக்கி
பித்தளை ஆணிக்கு மயிரிழை வழி விட்டேன்.
கூட விட்டால் கட்டை ஆடும்; ஆடினால் அதுவும் சத்தம்.
தூக்கி விட்டால் தன் எடையில் இறங்க வேண்டும்,
தொப்பென்று அல்ல,
மதகுப் பலகை தண்ணீர் தாங்க இறங்குகிற மாதிரி.
சுத்திகளின் கீல்களுக்கு
ஸ்பிரிட் பாதி தண்ணீர் பாதி, ஊசிமுனையில் ஒரு சொட்டு.
அது காய்வதற்குள் ஒரு டீ.
மரம் மரத்தில் தேயும் இடமெல்லாம் பென்சில் கரி.
திருகுகளுக்குக் கால் சுற்று. பேராசைப்பட்டால் மரை போய்விடும்.

இடது கோடியில்,
டீச்சரின் பாட்டுகள் எட்டிப் பார்க்காத
ஐந்து கட்டைகளுக்கு அடியில்
பதர். மூன்று. கொஞ்சம் சுணை.

"எலியா?"

எலிக்குப் பதர் எதற்கு.
புழுக்கை இல்லை. கம்பளியில் கடி இல்லை.
பாயில் கிடந்த அந்த ஐந்தின் மேல் மட்டும்
கிரீஸ் கறை, பெருவிரல் அகலத்துக்கு.

அவர் கறையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.
"ஞாயிற்றுக்கிழமை நான் முன்னாடியே
கோயிலுக்குப் போயிடுவேன், ஆர்கனுக்கு" என்றார்,
நான் ஒன்றும் கேட்காமலே.

பதரை ஊதப் போனேன்.
கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

கறையைத் துடைக்கத் துணி எடுத்தேன்.
"அது இருக்கட்டும்."

மூன்றரைக்கு எல்லாம் உள்ளே போயிற்று.
வளையலைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு வாசித்தார்.
தோள் போயிற்று, வந்தது. விரல்கள் ஓடின.
எனக்குக் கேட்டது நகம் மட்டும்.
அதற்கு என் பையில் மருந்து கிடையாது.
உள்ளே கட்டில் ஒரு தடவை முனகியது,
பிறகு குறட்டை, அதே தாளத்தில் இல்லை.

பணத்தை எண்ணிக் கொடுத்தவர்
வாசல் வரை வந்து நின்றார்.
"அந்த அஞ்சையும் இன்னொரு தடவை பார்த்துடுங்களேன்."

பார்த்தேன். சரியாகத்தான் இருந்தன.
பென்சிலை இன்னொரு தடவை தேய்த்தேன்.

மயிலாடுதுறை பஸ்ஸில் கடைசி சீட்.
ஜன்னல் கண்ணாடி சட்டத்தில் கடகடவென்று அடித்தது.
டிக்கெட்டை நான்காக மடித்துச் செருகினேன்.
அடங்கியது.
ஆக்கூர் வரைக்கும் எனக்கு
முன்சீட்டுக் கண்ணாடி கேட்டது.
அங்கே இன்னொருவர் தலை சாய்த்துத் தூங்கினார்.
என்னிடம் வேறு டிக்கெட் இல்லை.